எல்லாப் புள்ளைங்களுக்குமா?

2025 ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எங்கள் தெருவில் கொடி கட்டி, படம் வைத்து, சாயந்தரம் கூட்டம். ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவில், குச்சிக்கிழங்குக் காடும் கிழங்கு மில்லும் சூழ்ந்த ஊர். ஊர் என்று எழுதுகிறேனே தவிர, எங்களுடையது ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. ஆண்கள் பேசி முடித்து மைக்செட்டைக் கழற்றிய பிறகுதான் பெண்கள் கூட்டம் ஆரம்பிக்கும். எப்போதும் அப்படித்தான்.

அன்றைக்குப் பெண்கள் பேச எடுத்துக்கொண்டது ஒரு ஊசியைப் பற்றி. அதற்கு ஒரு மாதம் முன்னால், தமிழ்நாடு அரசின் பட்ஜெட்டில், 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி படிப்படியாகப் போடப்படும், அதற்கு 36 கோடி ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். டி.வி.யில் பார்த்த பெண்கள் என்னைக் கேட்டார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு ஊசியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் தெருவில் ஒருத்தி படித்துவிட்டால் பத்திரத்திலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரைக்கும் அவள்தான் படித்தாக வேண்டும்.

தேடிப் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியம்மா மகள், என் அக்கா, கேட்டாள்:

"அதெல்லாம் சரி கண்ணு. இந்த ஊசி எல்லாப் புள்ளைங்களுக்குமா, நம்ம புள்ளைங்களுக்கு மட்டுமா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஒரு அத்தை சொன்னார்: "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனுக்கு மட்டும் ஜீப்பு நம்ம வூட்டு வாசலுக்கே வந்துச்சு. காச்சலுக்கு ஒரு நாளு வந்துச்சா?"

அக்காவின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அக்காவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

பெரியம்மா கிழங்கு மில்லில் தோல் உரித்தார். சீசனில் விடியற்காலம் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். குத்துக்காலிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கை முழுக்கக் கிழங்குப் பால் ஒட்டி வெடித்திருக்கும். 2008இல், தூரம் நின்று இரண்டு வருஷம் ஆன பிறகு, அவருக்கு மறுபடியும் ரத்தம் போக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊற வைத்துக் குடித்தார். பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, இருட்டின பிறகு கிணற்றடிப் பக்கம் போய்த் துவைத்து, யாரும் பார்க்காத இடத்தில் காயப்போட்டார். மில்லில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வாடை அடிக்கிறது என்று தள்ளி உட்கார்ந்த அன்றைக்குத்தான் அக்காவிடம் வாய் திறந்தார்.

முதலில் ஒரு கிளினிக். மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை. ஒரு தடவையும் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நான் அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சீட்டைப் படிப்பதற்காக என்னைக் கூட்டிப் போனார்கள். பெரியம்மாவைப் பரிசோதித்தபோது அங்கே வேலை பார்த்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னது இன்னும் காதில் கேட்கிறது: "சுத்தபத்தமா இருக்கவே மாட்டீங்களா? எந்த ஊரு? எந்தத் தெரு?"

தெருவைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும். நோய்க்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த கேள்வி: "வூட்டுக்காரரு என்ன வேலை?" பெரியப்பா லாரி டிரைவர். கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, நாமக்கல் லாரியில் வடக்கே போய் வந்தவர். நாமக்கல்லில் லாரி என்றாலே அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்றுதான் பேச்சு. பெரியம்மாவுக்குச் சொல்லாமலே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்னால் பேச்சு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. எச்.ஐ.வி. இல்லை என்று காகிதம் வந்தது. பேச்சு போகவில்லை. பெரியம்மாவுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. டீக்கடைத் தனி டம்ளரை எதிர்த்துப் போராட்டம் நடத்திய தெரு இது. அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டுக்குள் தனி டம்ளர் வந்தது. இதை மறைத்துவிட்டு நான் எதை எழுதினாலும் பொய்.

கட்டி கருப்பை வாயைத் தாண்டிப் பரவிவிட்டது என்றார்கள். கரண்ட் வைத்தார்கள். 2010 தை மாதத்தில் செத்துப் போனார். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"நான் அழுக்காடி, பாப்பா? தெனமும் தண்ணி வாத்துக்கிட்டுத்தான இருந்தேன்?"

சங்க இலக்கியத்துக்குப் பதவுரை எழுதத் தெரிந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

*

இப்போது தெரியும். பெரியம்மாவுக்கு இரத்தம் போக ஆரம்பித்த அதே 2008இல், ஹரால்ட் சுர் ஹௌசன் என்கிற ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்று காட்டியதற்காக. இந்த வைரஸில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் மரு வர வைக்கிற வகைகளும் அதில் அடக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் 100க்கு 70, இரண்டே வகைகளால் வருகிறது: 16ஆம் எண், 18ஆம் எண்.

இது தோலோடு தோல் உரசி ஒட்டுகிற கிருமி. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது ஒட்டத்தான் செய்கிறது. ஒரே புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் ஒட்டும். மாளிகையில் இருப்பவளுக்கும் ஒட்டும். சோப்பு போட்டுக் குளித்தால் போகாது. ஆகவே 'சுத்தபத்தமா இருக்க மாட்டீங்களா' என்ற கேள்விக்கும் 'வூட்டுக்காரரு என்ன வேலை' என்ற கேள்விக்கும் மருத்துவத்தில் வேலையே இல்லை. அந்தக் கேள்விகள் சாதியிலிருந்து வந்தவை.

ஒட்டின கிருமியைப் பெரும்பாலோர் உடம்பு ஒன்றிரண்டு வருஷத்தில் தானே துடைத்துவிடுகிறது. சிலர் உடம்பில் தங்கிவிடுகிறது. தங்கின கிருமி, செல்கள் கண்டபடி பெருகாமல் பிடித்து வைத்திருக்கிற காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறது. 15, 20 வருஷம் கழித்துப் புற்றாகிறது. இந்தப் பதினைந்து இருபது வருஷத்துக்குள் ஒரே ஒரு தடவை யாராவது பார்த்திருந்தால் போதும், குணப்படுத்தியிருக்கலாம். பெரியம்மாவின் இருபது வருஷத்தில் யாரும் பார்க்கவில்லை.

ஊசி என்ன செய்கிறது என்று கூட்டத்தில் கேட்டார்கள். நாமக்கல் பக்கத்துப் பெண்களுக்கு லாரியை வைத்துச் சொன்னேன். பாடி கட்டுகிற பட்டறையில் லாரி நிற்கும் இல்லையா? வெளியே பார்த்தால் லாரி. உள்ளே இன்ஜின் இல்லை. ஓடாது. ஊசி மருந்தும் அப்படித்தான். வைரஸின் மேல்கூட்டைச் செய்கிற புரதத்தை மட்டும் தனியாகத் தயாரிக்கிறார்கள். அது தானே சேர்ந்து கூடு மாதிரி ஆகிக்கொள்கிறது. உள்ளே மரபுப் பொருள் கிடையாது. அதனால் பெருகவும் முடியாது, நோய் தரவும் முடியாது. 1991இல் ஆஸ்திரேலியாவில் இயான் ஃப்ரேசர், ஜியான் சோ என்ற இரண்டு பேர் இந்தக் கூட்டைச் செய்யக் கண்டுபிடித்த வழிதான் பிற்பாடு ஊசியானது.

"பாடிய மட்டும் காட்டுனா ஒடம்புக்கு என்னா தெரியும்?" என்றார் அத்தை.

லாரியின் அடையாளம் தெரியும். நிஜ வைரஸ் வரும்போது தோலின் மேல் அடுக்கிலேயே ஒளிந்திருக்கும். ரத்தத்துக்குள் இறங்காது. அதனால் உடம்பின் காவலுக்குச் சரியாகத் தகவலே போவதில்லை. ஒரு தடவை வந்து போனால்கூட அடுத்த தடவைக்குப் போதுமான காவல் ஏற்படுவதில்லை. ஊசியோ கையின் சதையில் இறங்குகிறது. காவல் மொத்தமும் விழித்துக்கொள்கிறது. இயற்கையாக வருவதைவிடப் பல மடங்கு எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் ஊறி, கருப்பை வாய் வரைக்கும் கசிந்து நிற்கிறது. அப்புறம் நிஜ லாரி வந்தால் செக்போஸ்ட்டிலேயே மறித்துவிடும்.

ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்த லாரியை இந்தச் செக்போஸ்ட்டால் பிடிக்க முடியாது. அதனால்தான் கிருமி ஒட்ட வாய்ப்பு வருவதற்கு முன்னால், 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். சின்னப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி, கெட்டுப் போகச் சொல்றதா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். மழைக்கு முன்னாலதான் கூரை வேய்வார்கள். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். போட்ட பிறகு கால்மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

பலனைச் சந்தேகப்பட இனி இடமில்லை. ஆஸ்திரேலியா 2007இல் தேசம் முழுக்க ஆரம்பித்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வந்ததாகப் பதிவு இல்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொன்னது. பணக்கார நாடுகள் மட்டுமா? பூட்டான் 2010இல் கொடுத்தது. இனப்படுகொலையிலிருந்து எழுந்த ருவாண்டா 2011இல் கொடுத்தது. இலங்கை 2017இல் கொடுத்தது. இந்தியாவிலேயே சிக்கிம் 2018இல் கொடுத்தது. 2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய், சுமார் 80,000 பேர் சாவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

காசு இருக்கிறவர்களுக்கு இந்த ஊசி 2008இலிருந்தே இந்தியாவில் கிடைத்தது. பெரியம்மா கிழங்கு உரித்த மில்லுக்காரர் பேத்திக்குக் கிடைத்திருக்கும். 2023 ஜனவரியில் புனேயின் சீரம் நிறுவனம் சொந்தமாகத் தயாரித்த ஊசியை வெளியிட்டது. அப்போது கடை விலை ஒரு ஊசி சுமார் 2,000 ரூபாய். கிழங்கு உரிக்கிற பெண்ணுக்கு அது ஒரு வாரக் கூலி.

*

இவ்வளவு நல்ல ஊசி என்றால் அக்கா ஏன் அப்படிக் கேட்டாள்? கம்மத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி கம்மத்தின் கேள்வி.

பெரியம்மா படுக்கையில் கிடந்த 2009 ஜூலையில், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகள் சுமார் 14,000 பேருக்கு இந்த ஊசி போட ஆரம்பித்தார்கள். குஜராத்தின் வடோதராவில் சுமார் 10,000 பேர். பாத் என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தியது. ஊசியைக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. கம்மத்தில் நிறையப் பேர் ஆதிவாசிப் பிள்ளைகள், ஆசிரமப் பள்ளி விடுதிகளில் இருந்தவர்கள். ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில், பெரியம்மா இறந்து மூன்றாம் மாதம், திட்டத்தை நிறுத்தினார்கள்.

அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா, நீரில் மூழ்கியது என்று காரணங்கள் இருந்தன. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நம் ஆத்திரத்துக்காக உண்மையை வளைக்கக் கூடாது. வளைத்தால் நாளைக்கு நம் பிள்ளைகள்தான் ஊசி இல்லாமல் சாவார்கள்.

ஆனால் அதே விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை எழுதியது: ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் கையெழுத்துப் போட்டது விடுதி வார்டன். அம்மா, அப்பன் இருக்கும்போதே வார்டன் கையெழுத்துப் போட்டான். காட்டில் கூலிக்குப் போன தாய்க்குத் தன் மகள் கையில் என்ன ஏற்றினார்கள் என்பதே தெரியாது. பெரியம்மாவிடம் சொல்லாமல் ரத்தம் எடுத்ததும் இதுவும் ஒரே கை செய்த வேலை. இந்த உடம்பிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு.

அதே 2009இல் இந்தியாவில் இன்னொரு ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் நடத்தியது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உள்பட ஒன்பது இடங்கள். மூன்று ஊசி போடுவதா, இரண்டு போதுமா என்று பார்க்க நினைத்தார்கள். கம்மத்துக்காக எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னபோது இதுவும் பாதியில் நின்றது. ஊசி போட்டிருந்த 17,729 பேரில் 4,950 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஊசியோடு முடிந்து போனது. அவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: 16, 18 வகைக் கிருமி உடம்பில் தங்கிவிடாமல் ஒரு ஊசி காப்பதும் மூன்று ஊசி காப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 100க்கு 90க்கு மேல். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசியே போதும் என்று சொன்னதற்கு இந்தப் பிள்ளைகளின் ரத்தமும் ஒரு சாட்சி. ஒரு ஊசி போதும் என்றானதால் உலகம் முழுக்க ஏழை நாடுகளுக்குச் செலவு பாதியாகக் குறைந்தது. கற்றுக்கொடுத்தது இந்தியாவின் பெண்பிள்ளைகள். அந்தப் பாடத்தின் பலன் அவர்கள் தங்கைகளுக்கு எத்தனை வருஷம் தள்ளி வருகிறது பாருங்கள்.

இந்த நோயின் சரித்திரமே இப்படித்தான் இருக்கிறது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் இதே நோயால் செத்தார். 31 வயது. புகையிலைக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவர். அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செல்களில் இருந்தது 18ஆம் எண் வைரஸ் என்று பிற்பாடு தெரிந்தது. அவற்றை விற்ற ஒரு கம்பெனி அவர் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது 2023இல்.

திண்டுக்கல்லிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2000க்குப் பிறகு அங்கே கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பை வாயில் வினிகர் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று நர்சுகளே பார்த்தார்கள். சுமார் 49,000 பெண்கள் ஒரு பக்கம். ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே சாவு 100க்கு 35 குறைந்தது என்று 2007இல் அறிவித்தார்கள். நல்ல சேதிதான். ஆனால் மறுபக்கம் சுமார் 31,000 பெண்களுக்குப் பரிசோதனை கொடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அவர்களுடைய சாவு கணக்கு நோட்டில் ஒரு பத்தி.

*

தோழர்களே, இதையெல்லாம் படித்தபோது எனக்கும் முதலில் வந்தது ஆத்திரம்தான். நம் பிள்ளைகளைத் தொடாதே என்று ஒரு துண்டறிக்கை எழுதக்கூட உட்கார்ந்தேன். எழுதும்போது பெரியம்மா கை ஞாபகம் வந்தது. ஊசி வேண்டாம் என்று நான் எழுதினால் மில்லுக்காரர் பேத்தி கேட்கப் போவதில்லை. என் அக்கா மகள்தான் கேட்பாள். இன்னும் முப்பது வருஷம் கழித்து அவள் யார் கையைப் பிடித்துக்கொண்டு 'நான் அழுக்கா' என்று கேட்பாள்?

துண்டறிக்கையைக் கிழித்துப் போட்டேன். கூட்டத்துக்குப் பிறகு பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம். வார்த்தை என்னுடையது, கேட்டது அவர்கள். ஊசி எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும், கடைசியாக வேண்டாம். பள்ளியை விட்டு நின்று மில்லுக்குப் போகிற பிள்ளையையும் தேடி வந்து போட வேண்டும். படிவத்தைத் தமிழில் கொடுத்து, படிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். வார்டனோ வாத்தியாரோ அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடக் கூடாது. ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைக்கும் என்ன, எதற்கு என்று சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு ஏதாவது ஆனால் யாரைப் பார்ப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊசிக்கு வயது தாண்டிய எங்களுக்கு, 30க்கு மேற்பட்ட எல்லோருக்கும், பரிசோதனை வேண்டும். அது 2012இலிருந்தே தமிழ்நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த பெண்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் மூன்று பேர். கடைசி வரி அத்தை சொல்லி எழுதியது: பார்க்கும்போது மூக்கைப் பொத்தக் கூடாது, எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது.

அடுத்த வாரம் பதினோரு பேர் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நானும் படுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. வெளியே வந்து அக்கா சொன்னாள்: "இவ்ளோதானா? இதுக்காடி எங்கம்மா செத்துச்சு?"

யாரும் பேசவில்லை. பஸ்ஸுக்கு நடந்தோம்.

அவள் மகளுக்கு வயது 13. என்றைக்கு அந்தப் படிவம் வந்தாலும் என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அஞ்சாவது வரைக்கும் படித்த அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் இன்னொருத்தி சத்தமாக வாசித்து, தான் கேள்வி கேட்டு, பிறகுதான் போடுவாளாம். முதல் கேள்வியும் தயாராக வைத்திருக்கிறாள்.

"எல்லாப் புள்ளைங்களுக்குமாங்க?"

ஆமாம் என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடுவாள்.